ரவிதாசனைத் தேடிப் போகும் நண்பர்களுக்கு



சனி ஞாயிறு வந்தால் வேன் பிடித்துக்கொண்டு பழையாறை, திருப்புறம்பியம், மேலப்பழுவூர், காட்டுமன்னார்கோயில் என்று கிளம்பிவிடும் உங்கள் எல்லாருக்குமாக இந்த மடலை எழுதுகிறேன். உங்களில் பலரை இந்தப் பக்கம் இழுத்து வந்தது ‘பொன்னியின் செல்வன்’. சிலர் நாவலைப் படித்துவிட்டு நேராக வந்தீர்கள். சிலர் 2022இலும் 2023இலும் வெளியான படங்களைப் பார்த்துவிட்டு நாவலுக்குப் போய், அங்கிருந்து கோயில்களுக்கு வந்தீர்கள். எப்படி வந்தால் என்ன? குருக்களும் வௌவால்களும் மட்டுமே இருந்த பிராகாரங்களில் இன்று இளைஞர்கள் குந்தி உட்கார்ந்து, அதிட்டானத்துக் கல்லை விரலால் தடவி எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள். அதைப் பார்க்கப் பார்க்க மனம் நிறைகிறது.

அதோடு ஒரு கவலையும் வந்து சேர்ந்திருக்கிறது. உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ஒரு குழுவோடு நிற்க நேர்ந்தது. கூட்டி வந்தவர் கல்வெட்டைக் காட்டி, “ஆதித்த கரிகாலனைக் கொன்னது உத்தம சோழன்தான்னு இந்தக் கல்வெட்டே சொல்லுது” என்றார். கைப்பேசிகள் எல்லாம் உயர்ந்தன. “எந்த வரியில்?” என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கல்வெட்டில் உத்தம சோழனின் பெயரே கிடையாது. ஆனால் கூட்டி வந்தவர் பொய் சொன்னதாகவும் நான் நினைக்கவில்லை. அவர் எங்கோ படித்ததைச் சொன்னார். படித்த நூலில் அது ஓர் ஊகமாக இருந்தது. ஊகம் கைமாறிக் கைமாறி உடையார்குடிக்கு வந்து சேர்வதற்குள் கல்வெட்டாகவே ஆகிவிட்டது. இந்த மாற்றம் எப்படி நடந்தது என்பதைத்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் கல்லில் இருப்பதைப் பார்ப்போம். ராஜகேசரி என்ற பட்டம் கொண்ட ஓர் அரசரின் 2ஆம் ஆட்சியாண்டு என்று அது தொடங்குகிறது. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையாருக்கு அரசர் அனுப்பிய ஆணை அதில் எடுத்து எழுதப்பட்டிருக்கிறது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளானவர்கள் என்று சிலரின் பெயர்கள் வருகின்றன. சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், அவன் தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன், இவர்களின் உடன்பிறந்தானாகிய மலையனூரான். அதன்பின் வருவதுதான் நெஞ்சை உறுத்துகிறது. இவர்களின் தம்பிமார், மக்கள், மனைவிமார், பெரியப்பன்மார், தாயோடு பிறந்த மாமன்மார், பெண் கொடுத்த மாமன்மார் என்று உறவுமுறைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே போகிறது ஆணை. இத்தனை பேரின் உடைமைகளும் போக வேண்டும். அவற்றை விற்க வேண்டும். அந்த விற்பனையை மேற்பார்க்க ஆட்களையும் அரசரே குறிப்பிடுகிறார். ஒரு கொலைக்காக, எழுதும் வசதிக்குள் அடங்கிய எல்லா உறவையும் வளைத்துப் பிடிக்கும் ஓர் ஆணை இது. அதற்குப் பின்னும் கல்வெட்டு முடியவில்லை. விற்ற நிலத்தில் ஒரு பகுதியை ஒருவர் பொன் கொடுத்து வாங்கி அறத்துக்கு எழுதிவைக்கிறார். கல்லில் வெட்டக் காரணமே அந்த அறம்தான். நம் ஊரில் கல்வெட்டு வெட்டினால் பெரும்பாலும் நிலம் யாருக்குப் போனது, விளக்குக்கு யார் ஆடு விட்டார் என்பதற்காகத்தான். கொலைச் செய்தி அதில் வழித்துணையாக வந்து ஒட்டிக்கொண்டது.

இனி, கல்லில் இல்லாததைப் பாருங்கள். கொலை எங்கே நடந்தது என்று இல்லை. எந்த ஆண்டு என்று இல்லை. எப்படி, எதற்காக என்று இல்லை. யார் தூண்டினார் என்று இல்லை. நாவலில் வரும் கடம்பூர் மாளிகை இல்லை, பாண்டிய நாட்டு ஆபத்துதவிகள் இல்லை, நந்தினி இல்லை. நாவலில் மந்திரவாதியாக வரும் ரவிதாசன் இங்கே பிரமாதிராசன் என்ற அரசுப் பட்டம் பெற்றவன். அவன் தம்பியின் பட்டத்திலோ சோழப் பெயரே இருக்கிறது. ஏன், ஆணை பிறப்பித்தவர் ராஜராஜன் என்று கூட அந்தக் கல் வெளிப்படையாகச் சொல்லவில்லை. சோழ அரசர்கள் ஒருவர் விட்டு ஒருவர் ராஜகேசரி, பரகேசரி என்று பட்டம் சூடினார்கள். உத்தம சோழன் பரகேசரி. அவனுக்கு அடுத்து வந்தவன் ராஜகேசரியான ராஜராஜன். 985இல் ஆட்சிக்கு வந்தவன். கரிகாலனின் சாவுக்குப் பின் 2ஆம் ஆண்டு கண்ட ராஜகேசரி இவனாகத்தான் இருக்க வேண்டும் என்று அறிஞர்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். வலுவான கணக்குதான். இருந்தாலும் கணக்குதான். கல்லுக்கும் நமக்கும் இடையே ஒரு மனித மூளை உட்கார்ந்து கூட்டிக் கழித்திருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

இந்தக் கல்வெட்டை அறிஞர் உலகுக்கு விரிவாக எடுத்துச் சொன்னவர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி. 1935இல் வெளிவரத் தொடங்கிய தம் சோழர் வரலாற்று நூலில் அவர் ஒரு கேள்வியை எழுப்பினார். ஆதித்தன் கொல்லப்பட்டது ஏறக்குறைய 970ஐ ஒட்டி. நடுவில் உத்தம சோழன் 15 ஆண்டு அளவுக்கு ஆண்டிருக்கிறான். துரோகிகளின் சொத்து பற்றிய ஆணை ராஜராஜனின் 2ஆம் ஆண்டில்தான் வருகிறது. அப்படியானால் இடையில் ஆண்டவன் ஏன் சும்மா இருந்தான்? அந்தக் கொலையால் ஆட்சிக்கு வந்தவனும் அவன்தானே? இந்த இடைவெளியிலிருந்துதான் உத்தமன் மீது சந்தேகம் பிறந்தது. அது கல்லில் வெட்டியிருந்த செய்தி அல்ல. ஆண்டுகளுக்கு நடுவே இருந்த மௌனத்தை ஒருவர் வாசித்த விதம்.

தி.வை. சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. 1949இல் முதல் பகுதி வெளிவந்த அவருடைய ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ உத்தமனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த மறுக்கிறது. நாமும் ஒன்றைச் சேர்த்து யோசிக்கலாம். உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் ராஜராஜனின் ஆட்சியில் கோயில்களைக் கண்காணிக்கும் பொறுப்பில் இருந்ததைக் கல்வெட்டுகளில் காண்கிறோம். தன் அண்ணன் ஆதித்தனைக் கொல்லச் செய்தவனின் மகனுக்கு ஓர் அரசன் இப்படி இடம் கொடுப்பானா? கொடுக்கவும் கூடும், அரசியல் அப்படி. கொடுக்காமலும் இருக்கக் கூடும். பிறகு வந்த குடவாயில் பாலசுப்ரமணியன் கல்வெட்டின் பிற்பகுதியை எடுத்து வைத்தார். இது நிலம் வாங்கி அறம் வைத்தவரின் சாசனம். அரசாணை இதற்குள் எடுத்து எழுதப்பட்டதே தவிர, துரோகிகள் மீதான நடவடிக்கை அப்போதுதான் முதன்முதலாகத் தொடங்கியது என்று இதைக் கொண்டு சொல்ல முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். அது சரியென்றால் சாஸ்திரியார் கண்ட ‘15 ஆண்டு மௌனம்’ என்ற அடித்தளமே ஆட்டம் காண்கிறது.

மூவரும் படித்தது ஒரே கல்லை. எனக்குக் குடவாயிலாரின் வாசிப்பே கூடுதலாக மனத்துக்குப் படுகிறது, ஏனென்றால் அது கல்வெட்டை முழுதாகக் கணக்கில் எடுக்கிறது. கொலைச் செய்தி வரும் பகுதியை மட்டும் வெட்டியெடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் உங்களிடம் நான் சொல்ல விரும்புவது யார் சரி என்பதை அல்ல. சாஸ்திரியாரை நாம் மறுக்க முடிகிறதே, அது எப்படி? எந்தக் கல், எந்த ஆண்டு, அதிலிருந்து எதைக் கொண்டு எதை முடிவு செய்தேன் என்று அவர் வழியைத் திறந்து வைத்துவிட்டுப் போனார். அதனால்தான் பின்னால் வந்தவர் அதே வழியில் நடந்துபோய், இந்த இடத்தில் தவறான திருப்பம் எடுத்துவிட்டீர்கள் ஐயா என்று காட்ட முடிந்தது. வரலாற்று நூல் என்பதை நான் இதைக் கொண்டுதான் அடையாளம் காண்கிறேன். முடிவு சரியா தப்பா என்பது பிறகு. வந்த வழி தெரிகிறதா என்பது முதலில்.

சம்பவத்துக்குக் கிட்டத்தில் எழுதப்பட்டது என்றால் நம்பலாம் அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். திருவாலங்காட்டுச் செப்பேட்டை எடுத்துக்கொள்வோம். ராஜேந்திர சோழன் காலத்தது, கொலைக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பிந்தையது. அதன் வடமொழிப் பகுதி ஆதித்தன் கொலையுண்டான் என்று சொல்வதில்லை. பாண்டியனை வென்ற ஆதித்தன் விண்ணுலகைக் காணும் ஆசையில் போய்விட்டான் என்கிறது. இருளில் தவித்த குடிமக்கள் அருண்மொழியை, அதாவது பின்னாளின் ராஜராஜனை, அரசனாகும்படி வேண்டினார்களாம். தன் சிறிய தந்தைக்கு நாட்டின் மீது ஆசை இருக்கும்வரை தனக்கு அது வேண்டாம் என்று அவன் மறுத்தானாம். திருமாலே இவனாக வந்திருப்பதை அவன் உடற்குறிகளால் உணர்ந்தார்களாம். இதை எழுதிய புலவர் யாருக்காக எழுதினார்? ராஜராஜனின் மகனுக்காக, அவன் அவைக்காக, அந்த மகனிடமிருந்து ஊரைத் தானமாகப் பெறுகிறவர்களுக்காக. அப்படிப்பட்ட வாசகர் முன்னால் அரண்மனைக் கொலையைப் பற்றிப் பேச முடியாது. அப்பாவின் பெருந்தன்மையைப் பேசலாம். ஆகவே அரை நூற்றாண்டு தள்ளி அரசவையில் எழுதப்பட்ட செப்பேடு மறைத்ததை, ஓர் ஊர்ச் சபையின் நில விவகாரம் போகிற போக்கில் சொல்லிவிட்டது. ‘நேரில் பார்த்தவர் எழுதியது’, ‘அந்தக் காலத்து ஆவணம்’ என்று கேட்டதும் நாம் அடங்கிப்போகிறோம். அதைவிட, யார் படிக்க எழுதினார்கள் என்று கேட்பது பயன் தரும்.

அதே செப்பேட்டின் அந்த ஒரு வரியிலிருந்து, சிற்றப்பனுக்கு அரசாசை இருந்தது என்று எடுத்துக்கொண்டு உத்தமன் மீது பழி சுமத்தவும் முடியும். அருண்மொழியின் உயர்ந்த குணத்துக்குச் சான்றாகப் பாராட்டவும் முடியும். இரண்டும் நடந்திருக்கின்றன.

இப்போது கல்கிக்கு வருகிறேன். நாவலாசிரியர் வரலாற்றைத் திரித்துவிட்டார் என்று சினம் கொள்ளும் நண்பர்களும் உங்களில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1950 முதல் 1954 வரை வாரா வாரம் அவர் எழுதியது கதை. கதைக்குத் தேவையான உரிமையை அவர் எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்ட விதம்தான் வியப்பு. வந்தியத்தேவன் கற்பனையல்ல. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவராக வல்லவரையர் வந்தியதேவரின் பெயர் இருக்கிறது. ஆனால் ஆளைப் பற்றிக் கிட்டத்தட்ட வேறொன்றும் இல்லை. அந்த வெறுமைக்குள்தான் கல்கி ஒரு குதிரையையும் ஓலையையும் துடுக்கு நாக்கையும் வைத்தார். அன்பில் செப்பேட்டில் அறியப்படும் அநிருத்த பிரமாதிராயர் இருந்தார், ஆழ்வார்க்கடியான் இருக்கவில்லை. பழுவேட்டரையர் குலம் இருந்தது, நந்தினி இருக்கவில்லை.

உத்தம சோழன் விஷயத்தில் கல்கி செய்ததைப் பாருங்கள். சாஸ்திரியாரின் சந்தேகம் ஏற்கெனவே அச்சில் இருக்கிறது. நாவல் வெளிவரும் காலத்து வாசகர்களில் படித்தவர்களுக்கு அது தெரியும். கல்கி மதுராந்தகனை, அதாவது உத்தமனை, இரண்டாகப் பிளந்தார். அரசாசை பிடித்த மதுராந்தகன் ஒருவன், செம்பியன் மாதேவியின் உண்மையான மகனாகிய சேந்தன் அமுதன் இன்னொருவன். பழி ஒருவனோடு போயிற்று. முடி சாத்வீகமான இன்னொருவன் தலையில் ஏறிற்று. ஒரு வரலாற்றுச் சிக்கலுக்கு இதைவிட அழகான கதைத் தீர்வை நான் கண்டதில்லை. கொலையையும் அவர் இன்னார் கத்தி என்று அடித்துச் சொல்லாமல் இருட்டிலேயே விட்டார். சான்று இல்லாத இடத்தில் கதையும் தயங்கி நின்றது என்று நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

ஆகக் கல்கியிடம் பிழை இல்லை. சேந்தன் அமுதனின் வீடு எங்கே இருந்தது என்று தஞ்சாவூரில் விசாரிக்கும் நம்மிடம்தான் ஏதோ ஒன்று நழுவியிருக்கிறது. அதைவிடப் பெரிய நழுவல், நாவலில் படித்ததை ‘வரலாறு’ என்று தலைப்பிட்டு 10 நிமிடக் காணொளியில் உறுதியான குரலில் சொல்வது. நாவலாசிரியருக்கு ஓர் உரிமை உண்டு, வரலாறு எழுதுகிறவருக்கு ஒரு கடமை உண்டு. காணொளிக்காரர் உரிமையை மட்டும் எடுத்துக்கொண்டு கடமையைக் கீழே வைத்துவிட்டால் கேட்பவர் என்ன செய்வார்? பின்னணி இசையும் தொனியும் கல்வெட்டின் இடத்தில் உட்கார்ந்துவிடுகின்றன.

இதையெல்லாம் படித்துவிட்டு உங்களில் ஒருவர், “அப்போ எல்லாமே கதைதானே, சாஸ்திரி ஒரு கதை, கல்கி ஒரு கதை, நீங்க ஒரு கதை” என்று சொல்லக்கூடும். நான் மிக அஞ்சுவது இந்த முடிவைத்தான். ஏனென்றால் இது அடக்கமான பேச்சுப் போலத் தோன்றும், விளைவோ யார் உரக்கச் சொன்னாரோ அவர் வென்றார் என்பதாக இருக்கும்.

தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவர் யார் என்று 19ஆம் நூற்றாண்டில் கேட்டிருந்தால் ஊரில் கரிகால் சோழன் என்று சொல்லியிருப்பார்கள், நம் ஆதித்த கரிகாலனை அல்ல, பழங்காலக் கரிகாலனை. தலபுராணமும் அப்படித்தான் சொல்லிற்று. வானளாவி நிற்கும் கோயில். அதன் சுவரைச் சுற்றிச் சுற்றிக் கட்டியவனின் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. அன்றாடம் மக்கள் அதைக் கடந்துபோனார்கள். எழுத்து உருமாறிவிட்டதால் படிக்கத்தான் ஆளில்லை. 1886இல் சென்னை மாகாணத்துக் கல்வெட்டாய்வாளராகப் பொறுப்பேற்ற ஹுல்ட்ஷும் அவரோடு உழைத்த வெங்கய்யா போன்ற நம்மவர்களும் அந்தச் சுவர்களைப் படியெடுத்து அச்சிட்டபோது கரிகாலன் கதை நின்றுபோயிற்று. தன் 26ஆம் ஆட்சியாண்டின் 20ஆம் நாள், தஞ்சாவூர் அரண்மனையில் இருந்தபடி, தான் கொடுத்ததையும் தன் அக்கன் கொடுத்ததையும் தன் பெண்டுகள் கொடுத்ததையும் மற்றவர் கொடுத்ததையும் விமானத்தில் வெட்டச் சொன்ன அரசனின் ஆணை அங்கே இருக்கிறது. இதற்குப் பிறகும் கரிகாலன் கட்டினான் என்று ஒருவர் எழுதினால் அது ‘இன்னொரு பார்வை’ ஆகாது. அது தவறு. கடந்த காலம் நம்மிடம் எல்லாவற்றையும் சொல்வதில்லை. ஆனால் சில வாக்கியங்களை அது அனுமதிப்பதில்லை. அந்த மறுப்புக்குத் தலைவணங்குகிற எழுத்தைத்தான் நான் வரலாறு என்பேன்.

அதே கோயிலைப் பற்றி இன்னும் உலவும் செய்தி, விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது. மாலை 4 மணிக்குப் போய் நின்று பாருங்கள். விழுகிறது. உச்சியில் இருப்பது 80 டன் ஒற்றைக் கல் என்பதும் அப்படித்தான், அது பல துண்டுகள் இணைந்தது. கட்டிய பெருந்தச்சர்களின் திறமைக்கு இந்தக் கூடுதல் அதிசயம் எதுவும் தேவைப்படவில்லை.

பெருமையைப் பற்றியும் சொல்ல வேண்டும், சற்றுக் கசக்கும். ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி ஈழப் படையெடுப்பைப் பாடுகிறது. ஈழத்தரசரின் முடி, அவர் தேவியின் முடி, முன்பு பாண்டியன் அங்கே வைத்துவிட்டுப் போன முடி, இந்திரன் ஆரம் எல்லாம் கைவந்ததாகச் சொல்கிறது. பராந்தகன் காலத்திலிருந்து சோழர் கண் வைத்திருந்தது அந்தப் பாண்டிய முடி. இதே நிகழ்ச்சியைச் சூளவம்சம் எழுதும்போது, சோழப் படை விகாரைகளை உடைத்தது, தாதுகர்ப்பங்களைத் திறந்தது, பொற்சிலைகளை அள்ளியது என்று எழுதுகிறது. பிடிபட்ட அரசன் ஐந்தாம் மகிந்தன் சோழ நாட்டிலேயே 12 ஆண்டு இருந்து மாண்டான் என்கிறது. நம் மெய்க்கீர்த்தியில் முடி இருக்கிறது, அதைச் சூடியிருந்த மனிதனின் அந்த 12 ஆண்டு இல்லை. சூளவம்சத்தை எழுதியவர்கள் பௌத்த பிக்குகள், அவர்களுக்கும் ஒரு வாசகர் கூட்டம் உண்டு, அவர்களுக்கும் ஒரு நோக்கம் உண்டு. அதில் இல்லாதது திருகோணமலைப் பக்கத்தில் கிடைக்கிறது. வெல்கம் விகாரை என்ற பௌத்தப் பள்ளி சோழர் ஆட்சியில் ராஜராஜப் பெரும்பள்ளி என்ற பெயரோடு இயங்கியது. அதற்குத் தமிழில் கொடை எழுதிவைத்தவர்களின் கல்வெட்டுகள் அங்கேயே கிடைத்திருக்கின்றன. கொள்ளையும் உண்மை, கொடையும் உண்மை. இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதும் தைரியம் கொழும்பிலும் வேண்டும், சென்னையிலும் வேண்டும். இலங்கையில் பழைய போர்களின் கதை பாடப்புத்தகம் வழியாகவும் மேடை வழியாகவும் நிகழ்காலத்து மனிதர்கள் மேல் எப்படி இறங்கியது என்பதைக் கண்ட தலைமுறை நாம். வாசகர் எதைக் கொண்டாடப் பழகுகிறாரோ அதற்கு வெளியே நிற்கும் மனிதர் ஒருவர் எப்போதும் இருக்கிறார்.

சோழர் அரசு எப்படிப்பட்டது என்ற கேள்விக்கே காலத்துக்குக் காலம் விடை மாறியதை நீங்கள் படித்திருப்பீர்கள். அந்நியர் ஆட்சியில் எழுதிய சாஸ்திரியார் வலுவான பேரரசையும் தன்னாட்சி பெற்ற கிராமங்களையும் கண்டார். 1980இல் பர்ட்டன் ஸ்டைன் உழவர் நாடுகளின் தளர்வான கூட்டைக் கண்டார். நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் பட்டங்களையும் நாடுகளையும் நிலவுரிமைகளையும் எண்ணி எண்ணி, காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப வேறுபடும் ஓர் அரசைக் காட்டினார்கள். கேள்வி மாறும்போது அதே கல் வேறு விடை தருகிறது. எண்ணிப் பார்த்துச் சொன்னவர்கள் மேல் எனக்கு மதிப்பு அதிகம், அவர்களுடைய நூல்கள் சுவைக்காமல் போனாலும்.

சுவை என்றதும் நினைவுக்கு வருகிறது. பெரிய கோயிலில் உங்களில் எத்தனை பேர் தளிச்சேரிப் பெண்டுகள் கல்வெட்டின் முன் நின்றிருப்பீர்கள்? சோழ நாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்தும் கொண்டுவந்து தஞ்சையில் குடியமர்த்தப்பட்ட 400 பெண்களின் பட்டியல் அது. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, பெயர் என்ன, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்று ஒருவர் விடாமல் எழுதியிருக்கிறது. பெயருக்கு முன்னால் ‘நக்கன்’ என்று வரும். ஆளுக்கு ஒரு பங்கு, ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அந்தப் பங்கு உறவில் யாருக்குப் போகும் என்பதும் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்த இத்தனை பெண்களின் பெயரும் முகவரியும் வேறு எங்கே கிடைக்கும்? ஆனால் திருவாரூரில் பிறந்த ஒருத்தி தஞ்சாவூருக்கு வரச் சம்மதித்தாளா, வந்த இடத்தில் என்ன நினைத்தாள் என்பதற்கு ஓர் எழுத்துக்கூட இல்லை. அரசனுக்கு அது தேவைப்படவில்லை. இவர்களைப் பற்றி எழுதுகிறவர் அந்த இடத்துக்கு வந்ததும், இதற்கு மேல் கல் பேசவில்லை என்று சொல்லி நிற்க வேண்டும். நிற்பதற்கும் திறமை வேண்டும்.

அதே சுவர்களில் ஊர்களின் வரியில்லா நிலங்களைக் கழித்துச் சொல்லும் பகுதியில், ஊர் நத்தம், கோயில், குளம், வாய்க்கால் ஆகியவற்றோடு பறைச்சேரி, கம்மாணச்சேரி, ஈழச்சேரி, சுடுகாடு என்றும் வருகிறது. சேரிக்கு அளவு இருக்கிறது. அங்கே வாழ்ந்தவர் ஒருவர் பெயரும் இல்லை. உத்தரமேரூர்க் கல்வெட்டை மக்களாட்சிக்குச் சான்றாகக் காட்டும்போதும் இதை மனத்தில் வையுங்கள். பராந்தகன் காலத்துக் குடவோலை விதிகள் அருமையானவை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் நிற்கக் கூடாது என்ற விதியை இன்றைக்கும் நாம் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் அது ஒரு பிரமதேயத்துச் சபை. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையும் மறையறிவும் உடைய, 35 முதல் 70 வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்கானது. பாதியைப் படித்துவிட்டு முழுதாகப் பெருமைப்படுவது நியாயமில்லை.

நண்பர்களே, உங்களிடம் சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறேன். யாராவது “கல்வெட்டு சொல்கிறது” என்றால், எந்தக் கோயில், எந்த ஆட்சியாண்டு, எந்த வரி என்று கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் விடாமல் கேளுங்கள். தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் இன்று கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. கோயிலுக்குக் கிளம்பும் முன் அதற்குரிய பக்கத்தை எடுத்துக்கொண்டு போனால் வழிகாட்டி சொல்வதையும் கல்லையும் அங்கேயே ஒத்துப் பார்த்துவிடலாம். உங்களில் எழுதுகிறவர்களும் காணொளி செய்கிறவர்களும் இருக்கிறீர்கள். கல்லில் இருப்பது இது, அறிஞர் ஊகித்தது இது, எனக்குத் தோன்றுவது இது என்று மூன்றையும் கேட்பவர் காதுக்குப் பிரித்துக் கொடுங்கள். சுவை குறைந்துவிடும் என்று பயப்படாதீர்கள். உடையார்குடிக் கொலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, மூன்று பேரறிஞர்கள் ஒரே கல்லின் முன் நின்று மூன்று விதமாக யோசித்த அந்தப் பகுதிதான். துப்பறியும் கதை என்றால் அதுவல்லவா துப்பறியும் கதை!

இன்னொன்று அவசரமானது. படியெடுத்தும் அச்சேறாத தமிழ்க் கல்வெட்டுகள் ஏராளம். மைசூருவில் வைத்திருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவரும்படி 2021இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அவை பதிப்பாகி வெளிவரும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியவர்கள் நீங்கள்தான். படியே எடுக்காத கற்களும் ஊர் ஊருக்கு இருக்கின்றன. அவற்றின் மேல் சுண்ணாம்பு அடிக்கிறார்கள், மணல் வீச்சால் சுத்தம் செய்கிறார்கள், திருப்பணியின்போது கல்லைப் பெயர்த்து வரிசை மாற்றி வைத்துவிடுகிறார்கள். உங்கள் ஊர்க் கோயிலில் பாலாலயம் என்று அறிவிப்பு வந்தால், வேலை தொடங்கும் முன்பே போய் அதிட்டானம், சுவர், நிலைக்கால், படிக்கட்டு எல்லாவற்றையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் வரிசையாகப் படமெடுங்கள். பெயர்க்கப்போகும் கற்களில் எண் இடும்படி நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். அதன் நகலையும் படங்களையும் மாநிலத் தொல்லியல் துறைக்கு அனுப்பிவிட்டு, வந்து பார்த்தார்களா என்று அடுத்த வாரம் மறுபடி போய் விசாரியுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே கோயில் கோயிலாக அலையும் ஒருவர்